நாற்காலித் தொழுகையும் மூட்டுவலி ஆய்வுகளும்: நாம் பங்கேற்கலாமா?

ஜும்ஆவுக்குப் போகும்போது பள்ளிவாசலின் ஓரங்களைக் கவனித்துப் பாருங்கள். முன்பெல்லாம் வயது முதிர்ந்த ஒன்றிரண்டு பேருக்காகப் போடப்பட்டிருந்த நாற்காலிகள் இப்போது வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அமர்ந்து தொழுபவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்லர். ஐம்பதைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். வீடுகளில் தொழும் நம் தாய்மார்களின் நிலை வெளியே தெரிவதில்லை. மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது என்பதால், அங்கே நாற்காலிகள் இன்னும் அதிகமாகவே இருக்கும்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்த நிலையிலும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே நாற்காலியில் தொழுபவரின் தொழுகையில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும், "தரையில் நெற்றி வைத்து எத்தனை வருஷமாச்சு!" என்று ஏங்கும் பெரியவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஒரு நாளின் கடமையான தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்கள், 34 ஸஜ்தாக்கள். முழங்கால் மடங்க மறுப்பவருக்கு அந்த இழப்பு தினமும் ஐந்து வேளை நினைவுக்கு வந்துவிடும்.

சலுகையைப் பயன்படுத்துவதோடு மருத்துவமும் தேட வேண்டும் என்பது நபிவழி. முதுமையைத் தவிர மற்ற நோய்களுக்கு அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்ற நபிமொழியை அறிந்திருக்கிறோம். அந்த நிவாரணத்தை யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலுக்குப் பெயர்தான் மருத்துவ ஆய்வு. மருத்துவர்களால் மட்டும் அதை நடத்த முடியாது. நோயாளிகளும், சில சமயம் நோயில்லாதவர்களும், முன்வந்து பங்கேற்றால்தான் நடக்கும்.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

எலும்பு, மூட்டு, தசை, முதுகுத்தண்டு சார்ந்த நோய்களோடு உலகில் சுமார் 171 கோடிப் பேர் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இடுப்பு வலியால் மட்டும் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 62 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். 2050இல் இது 84 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த நோய்கள் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. நடையையும் உழைப்பையும் வருமானத்தையும்தான் பறிக்கின்றன. அதனால்தான் இவற்றைப் பற்றிப் பேசுவதும் குறைவு, ஆராய்வதும் குறைவு.

ஆய்வு ஏன் தேவை? இரண்டு உதாரணங்கள்

முழங்கால் தேய்மானத்துக்குச் சிறு துளையிட்டு, உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் மேலை நாடுகளில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. செய்துகொண்ட பலர் "வலி குறைந்தது" என்றும் சொன்னார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை வைத்து இதை முறையாகச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை. சிலருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, உள்ளே எதுவும் செய்யவில்லை. தமக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இப்படி நடக்கலாம் என்பதை முன்பே தெரிந்து சம்மதித்தே அவர்கள் சேர்ந்திருந்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. இரு தரப்பினருக்கும் இடையே வலியில் வித்தியாசம் இல்லை! அந்த 180 பேரின் பங்களிப்பு, பயனற்ற ஒரு அறுவை சிகிச்சையிலிருந்து பல இலட்சம் பேரைக் காப்பாற்ற உதவியது.

இரண்டாவது, நம்மவர்கள் வளைகுடாவிலிருந்து வரும்போது பெற்றோருக்கு வாங்கி வருகிற குளுக்கோசமைன் மாத்திரை. 1,583 பேர் பங்கேற்ற பெரிய அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. மொத்தமாகப் பார்க்கையில், குளுக்கோசமைன் வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. வியப்பு என்னவென்றால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. "எனக்குக் கேட்டது, நீங்களும் சாப்பிடுங்கள்" என்ற ஒருவரின் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்-ராஸி, ஒரு பிரிவு நோயாளிகளுக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்து, இன்னொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே அளிக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டதைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார்.

நாம் இல்லாத இடத்தில் நம் தேவை பேசப்படாது

மூட்டு நோயாளியின் நிலையை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று கனடாவில் 1980களில் உருவானது. அதில் 24 கேள்விகள். படி ஏற முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா, குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. சம்மணமிட்டு உட்கார முடிகிறதா, ஸஜ்தாவிலிருந்து எழ முடிகிறதா, அத்தஹிய்யாத் இருப்பில் அமர முடிகிறதா என்று அதில் இல்லை. யாரும் நம்மை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அதை உருவாக்க உதவிய நோயாளிகள் அப்படி வாழ்பவர்கள் அல்லர், அவ்வளவுதான். பிறகு இந்தியாவில், புனே நகர ஆய்வாளர்கள் நம் நாட்டு வாழ்க்கை முறைக்கு ஏற்ப அதை மாற்றி அமைத்தார்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு எந்த அளவு மடக்கலாம், எந்தப் பயிற்சி செய்தால் மண்டியிட முடியும் என்ற கேள்விகள் நமக்கு வணக்கத்தோடு தொடர்புடையவை. இவற்றுக்குப் பதில் வேண்டுமென்றால், தொழுகையாளிகளான நோயாளிகள் ஆய்வில் இருக்க வேண்டும்.

என்னென்ன வகையில் பங்கேற்கலாம்?

ஆய்வு என்றதும் புது மருந்தை ஊசியில் ஏற்றிப் பார்ப்பார்கள் என்ற பயம் வருகிறது. இத்துறையில் பல ஆய்வுகள் அப்படிப்பட்டவை அல்ல.

கேள்வித்தாள் ஆய்வு: வலி, நடை, தூக்கம், வேலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தையல் தொழிலாளர், ஓட்டுநர், சுமை தூக்குபவர் என்று தொழில்வாரியாகவும் நடப்பதுண்டு.

தொடர் கண்காணிப்பு: ஒரே நபரைப் பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் பின்தொடர்ந்து, எக்ஸ்ரே, நடைப் பரிசோதனை போன்றவற்றைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுப்பார்கள்.

சிகிச்சை ஒப்பீடு: இரண்டு வகை உடற்பயிற்சிகள், அல்லது பிசியோதெரபியும் வழக்கமான சிகிச்சையும் ஒப்பிடப்படும். யாருக்கு எது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவாகும்.

மருந்து மற்றும் கருவி ஆய்வு: புதிய மருந்து, மூட்டு ஊசி, செயற்கை மூட்டு, ஊன்றுகோல், செயற்கைக் கால் முதலியவை. இவற்றில் ஆபத்து அதிகம் என்பதால் கட்டுப்பாடுகளும் அதிகம்.

நோயில்லாதவர்களுக்கும் இடமுண்டு. கோவை கங்கா மருத்துவமனையில், முதுகெலும்புத் தட்டுகளுக்கு ஊட்டச்சத்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று எம்.ஆர்.ஐ மூலம் ஆராய்ந்தபோது, முதுகுவலி இல்லாத தன்னார்வலர்களையும் சேர்த்தே ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2004இல் சர்வதேச விருது பெற்றது.

எங்கே விசாரிப்பது?

இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. "சி.டி.ஆர்.ஐ" என்பது அதன் சுருக்கப் பெயர். 2018 ஏப்ரல் முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். நோயின் பெயரைக் கொடுத்தால், எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எந்த வயதினருக்கு ஆய்வு நடக்கிறது என்ற விவரம் கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் பெற்றோருக்காக அரை மணி நேரம் ஒதுக்கித் தேடிப் பார்க்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவு, பிசியோதெரபி கல்லூரிகள், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களில் நேரிலும் கேட்கலாம். சி.எம்.சி-யின் மறுவாழ்வு நிலையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் உருவானது அது.

கையெழுத்திடும் முன்

ஆய்வின் பெயரால் மனிதர்கள் ஏமாற்றப்பட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீ பகுதியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஏழைகளுக்கு உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் தராமல் அவர்களின் நோயை வேடிக்கை பார்த்தார்கள். எனவே பயப்படுவது தவறல்ல. அந்தப் பயத்தைக் கேள்விகளாக மாற்றத் தெரிய வேண்டும்.

இது ஆய்வா, வழக்கமான சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். ஆய்வு என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். விவரத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாரோடு கலந்து பேசுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. மருந்துப் பரிசோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்கின்றன 2019ஆம் ஆண்டின் விதிகள்.

ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. "புதிய ஆராய்ச்சி, மூட்டு வளரும்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்து இலட்சங்களில் கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆய்வில் சேர்ந்தால் குணமாகும் என்ற உத்தரவாதம் இல்லை. நீங்கள் வெறும் மாத்திரைப் பிரிவிலும் இருக்கலாம். கிடைக்கும் பலன் உங்களுக்குப் பின் வருபவர்களுக்காகவும் இருக்கலாம்.

மார்க்கம் சார்ந்து கேட்க வேண்டியவை

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. இதை மீறாத, முழுச் சம்மதத்துடன் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி ஆலிம்கள் விவாதித்திருக்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் 2006இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் நடந்த அமர்வில் மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைத் தீர்மானமாக வெளியிட்டது.

மாத்திரை உறை ஜெலட்டினால் ஆனதா, எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். ரமளானில் மருந்து வேளைகளை ஸஹர், இஃப்தாருக்கு மாற்ற முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். பாதியில் சொல்லாமல் வேளையை மாற்றினால் ஆய்வும் கெடும், உடலும் கெடும். ஊட்டச்சத்து அல்லாத, தோல், சதை, இரத்தக்குழாய் வழியாகப் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்று அதே அகாடமி 1997இல் தீர்மானித்தது. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள், தங்களைப் பரிசோதிக்கப் பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். எம்.ஆர்.ஐ அறைக்குள் போகும் முன் மக்கனாவில் குத்திய ஊக்குகளைக் கழற்றிவிட வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

மேற்சொன்ன 2019 விதிகளின்படி, நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண், ஒரு சட்ட நிபுணர் ஆகியோருடன், சமூகவியலாளர், தத்துவவாதி, சமய அறிஞர் போன்றோரில் ஒருவருக்கும் அதில் இடமுண்டு. நம் ஆலிம்களும் பட்டதாரிப் பெண்களும் இந்தப் பொறுப்புகளுக்கு முன்வரலாம். மஹல்லா தோறும் இரத்ததான முகாம் நடத்தும் நம் ஜமாஅத்துகள், மூட்டுவலி விழிப்புணர்வு முகாமுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து, நாற்காலியில் தொழுபவர்களில் யார் பயிற்சியின் மூலம் மீண்டும் தரையில் தொழ முடியும் என்று பார்க்கலாம். அரபுக் கல்லூரியும் பிசியோதெரபி கல்லூரியும் இருக்கும் ஊர்களில், ஸஜ்தாவும் மூட்டும் பற்றி இணைந்தே ஓர் ஆய்வைத் தொடங்கலாம்.

ஒரு நோயாளி நல்ல நிய்யத்தோடு தரும் ஒரு மணி நேரம், அவர் பார்த்தே இராத ஒருவரை நாற்காலியிலிருந்து தரைக்குக் கொண்டுவரக் காரணமாக அமையலாம், இன்ஷா அல்லாஹ். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! நெற்றி தரையில் படும் பாக்கியத்தை நம் இறுதி நாள் வரை நமக்கு நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.