மெல்லொலியும் பேரொலியும்: வெற்றிடக் குழாய் விரியலாக்கி

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், மாரியம்மன் கோயில் முகப்பிலோ அயலில் நிற்கும் மரத்திலோ கூம்பு வடிவான ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டுதல் வழக்கம். பதுளையிலிருந்து நமுனுகுலை மலையை நோக்கி ஏறும் பாதையிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற இடங்களில், அவ்வொலி ஒரு சரிவிற் புறப்பட்டு எதிர்ச்சரிவிலுள்ள லயங்கள்வரை சென்று சேரும். கேட்போர் கண்கள் கூம்பின்மீதே இருக்கும். கூம்பு தான் பெற்ற மின்னலையை ஒலியாக்கி ஒருமுகமாக அனுப்புகின்றதேயன்றி, அதனைப் பெருக்குவதில்லை. பெருக்கம் நிகழும் இடம் கம்பியின் மறுமுனையில், மேசையடியில் இருக்கும் பெட்டியேயாகும். அதனை மக்கள் அம்பிளிபயர் என்பர். பாடநூல்கள் விரியலாக்கி என்னும். இன்று அப்பெட்டியுள் இருப்பன திரான்சிற்றர்களும் அவற்றின் வழிவந்த சில்லுகளுமே. 1950களில் அவ்விடத்தில் இருந்தவை செந்தணல்போல் மங்கி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள். வால்வு என வழங்கும் அக்குழாய்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு சிறு விரியலாக்கியை அமைக்குமாறு எவ்வாறு என்பதனை ஈண்டு நோக்குவாம்.

இத்தகைய கருவியைக் கையாற் செய்தல் இலங்கைக்குப் புதிதன்று. இந்நாட்டு ஒலிபரப்பே அங்ஙனந்தான் பிறந்தது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளராயிருந்த எட்வேர்ட் ஹாப்பர் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவிப் பகுதிகளைக் கொண்டு ஒரு சிறு பரப்பியை அமைத்து, 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினர். 1925 டிசம்பர் 16ஆந் திகதி வெலிக்கடையிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பிற்காலத்தில் தென்னிந்தியர் செவிகளையும் கவர்ந்த இலங்கை வானொலியின் தொடக்கம், பழைய பகுதிகளைப் பொறுக்கிச் சேர்த்த அக்கைவேலையே.

குழாயின் உட்செயல் விளங்காமல் அதனைப் பூட்டுவது மந்திரம் அறியாது பூசை செய்வதனை ஒக்கும். உலோகமொன்றைச் சூடாக்கினால் அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். காற்றகற்றிய குழாயினுள் அவ்வாறு சூடேறும் முனை கதோட்டு. எதிரே நேரழுத்தத்தில் நிற்பது அனோட்டு. இவ்விரண்டை மட்டும் உடைய குழாயை 1904இல் அமைத்தவர் பிளெமிங். மின்னை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் அதனாற் பெருக்கம் செய்ய இயலாது. இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ற், இடையே மூன்றாம் முனையொன்றை நுழைத்தார். நெய்யரி எனப்படும் அக்கம்பி வலையே புதுமையனைத்துக்கும் வித்து. நெய்யரி கதோட்டுக்கு மிக அண்மையில் இருத்தலின், அதன் அழுத்தத்தில் நேரும் சிறு மாற்றமும் அனோட்டை நாடிச் செல்லும் இலத்திரன் வெள்ளத்தைப் பெரிதும் கூட்டும், குறைக்கும்.

மாணவர் பலர் இங்கே ஒரு பிழையான எண்ணங் கொள்வர். சிறிய ஒலி ஊதிப் பெரிதாக்கப்படுகிறது என்பது அவ்வெண்ணம். குளத்து மதகைத் திருப்புபவனது கைவலிமை நீராக மாறுவதில்லை; நீர் குளத்தினுடையது, கை அதன் அளவை மட்டுமே ஆளும். அதுபோலவே ஒலிபெருக்கியை அசைக்கும் வலு முழுவதும் மின்வழங்கியிலிருந்து வருவது. நெய்யரிக்கு வரும் மெல்லிய அலை அதனை ஆள்கின்றது. ஆகவே விரியலாக்கியின் தரத்திற் பாதி மின்வழங்கியின் தரமாகும்.

தொடங்குவோர்க்கு ஏற்றது மூன்று குழாய்களை உடைய அமைப்பு. முதற்படியில் ஈ.சி.சி. 83 என்னும் இரட்டை மும்முனைக் குழாயின் ஒரு பாதி; வலுப்படியில் 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த ஈ.எல். 84 என்னும் ஐம்முனைக் குழாய்; சீராக்கியாக ஈ.இசட். 80. இவ்வகைக் குழாய்கள் சுலோவாக்கியா, ருசியா, சீனம் ஆகிய நாடுகளில் செய்யப்பட்டு வந்துள்ளமையால், பழையனவற்றைத் தேடியே ஆகவேண்டும் என்பதில்லை.

ஈ.எல். 84 அனோட்டில் 250 வோல்ற்று இருக்கையில் 48 மில்லியம்பியர் மின்னோட்டம் செல்லும். அதாவது ஓயாது 12 வாற்று அங்கு வெப்பமாகின்றது. பெறும் ஒலிவலுவோ ஐந்து வாற்றின் சற்று மேல். திரையின் மின்னோட்டமும் கதோட்டுகளைச் சூடாக்கும் மின்னும் சேர, ஐந்து வாற்று ஒலிக்கு இருபது வாற்றுக்கு மேற் செலவாகும். சிக்கனம் நாடுவோர்க்கு உரிய கருவியன்று இது. ஆயினும் ஐந்து வாற்று ஒரு வகுப்பறையை நிறைப்பதற்குத் தாராளமாகப் போதும்.

முழுவலுவைப் பெற ஈ.எல். 84இன் நெய்யரிக்கு ஏறக்குறைய 4.3 வோல்ற்று அலை வேண்டும். முதற்படி 50 மடங்கு பெருக்குமாதலால், வாயிலில் 0.09 வோல்ற்றுக்குக் குறைவாகவே தேவைப்படும். இசைத்தட்டின் படிகமுள்ளோ இன்றைய கைப்பேசியோ அதனிலும் பலமடங்கு தரும். இம்மிகையை வீணாக்காமல், வெளியீட்டில் ஒரு பங்கை முதற்படிக்கு எதிர்க்கட்டத்தில் திருப்பியனுப்புதல் வேண்டும். இதுவே எதிர்ப்பின்னூட்டல். இதனை 1927இல் கண்டவர் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக். பெருக்கம் நான்கிலொன்றாகக் குறைந்தால் ஒலித்திரிபும் ஏறத்தாழ நான்கிலொன்றாகும். பின்னூட்டற் கம்பியை இணைத்தவுடன் கருவி ஊளையிடுமாயின் கட்டம் மாறியுள்ளது என்க. வெளியீட்டு நிலைமாற்றியின் துணைச்சுற்று முனைகள் இரண்டையும் இடமாற்றினால் ஊளை அடங்கும்.

அவ்வெளியீட்டு நிலைமாற்றியே இக்கருவியில் விலைகூடியதும் ஏமாற்றத்துக்கு இடமானதுமான உறுப்பு. ஈ.எல். 84 எதிர்பார்ப்பது 5200 ஓம் சுமை. ஒலிபெருக்கியின் தடங்கலோ 8 ஓம். இவற்றின் விகிதம் 650. அதன் வர்க்கமூலம் 25.5 ஆதலால் முதற்சுற்றில் துணைச்சுற்றைப்போல் 25.5 மடங்கு சுருள்கள் இருத்தல் வேண்டும். கணக்கு வல்ல மாணவன் ஒருவன் உடனே கண்டுகொள்வான்: கடையில் மலிவாகக் கிடைக்கும் 230 வோல்ற்றை 9 வோல்ற்றாக்கும் சாதாரண நிலைமாற்றியின் விகிதமும் ஏறக்குறைய அதுவே. கணக்குச் சரி, கருவி பிழை. வலுக்குழாயின் 48 மில்லியம்பியர் நேரோட்டம் முதற்சுற்றினூடாக ஓயாது செல்லும். சாதாரண நிலைமாற்றியின் இரும்பு அதனால் நிரம்பிப்போய், தாழ்ந்த சுரங்களைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடும். மத்தள ஒலி தகரந் தட்டியதுபோல் வெளிவரும். உரிய நிலைமாற்றியில் இரும்புத் தகடுகளின் பொருத்தில் தாளின் கனமளவு இடைவெளி விட்டிருப்பர். மேலும், 50 அலைவுவரை ஒலி குன்றாதிருக்க முதற்சுற்றின் தூண்டற்றிறன் 16 ஹென்றியளவில் இருக்க வேண்டும். நிறையைக் கையிலெடுத்துப் பார்த்தே நிலைமாற்றியின் தரத்தை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம்.

குழாய்களின் சூடேற்றிக்கு 6.3 வோல்ற்று என்னும் விந்தையான எண் ஏன் வந்தது? ஈய அமிலக் கலமொன்று 2.1 வோல்ற்றுத் தரும். பழைய மோட்டார் வண்டிகளின் மின்கல அடுக்கில் மூன்று கலங்கள் இருந்தன. மூன்று முறை 2.1 என்பது 6.3. வண்டி வானொலிக்காகத் தோன்றிய அவ்வளவு நிலைத்துவிட்டது. இலக்சபானா நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோதும், தோட்டத்து லயங்களை மின்சாரம் எட்ட நெடுங்காலஞ் சென்றது. மின்னில்லா இடங்களில் மோட்டார்க் கலவடுக்கே ஒலிபெருக்கிக்கு உயிர். அதன் நேரோட்டத்தை அதிரி என்னும் துடிக்கும் தொடுகை நொடிக்குப் பலமுறை வெட்டி, நிலைமாற்றிக்கு ஊட்டி, உயரழுத்தம் ஆக்கும். மேற்கூறிய சிறு கருவியை அவ்வாறு இயக்கின் 6 வோல்ற்றுக் கலவடுக்கிலிருந்து ஐந்து அம்பியர் அளவில் இழுக்கும். 60 அம்பியர்மணிக் கலவடுக்கு ஓர் இரவுக்குப் போதும், இரண்டாம் இரவுக்குப் போதாது.

இனி ஆபத்து. பற்றாசு பிடிக்கும்போது விரல் சுடுவதைப் பற்றியதன்று இது. கருவியினுள் 280 வோல்ற்று அளவில் நேரோட்ட அழுத்தம் உண்டு, அது கொல்லவல்லது. ஆளியை அணைத்துச் செருகியைக் கழற்றிய பின்னரும் அழுத்தம் நீங்காது. சீராக்கும் கொள்ளளவிகள் அதனைத் தம்முள் வைத்திருக்கும். 100 மைக்குரோபரட்டுக் கொள்ளளவிகளின் குறுக்கே 220 ஆயிரம் ஓம் தடையொன்றை நிலையாக இணைத்தால், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் அவை வெறுமையாகும். வெறுமையாயிற்று என்பதைக் கடிகாரத்தை நம்பாது அளவுகருவியாலேயே அறிய வேண்டும். இயங்கும் கருவியை அளக்க நேரின், ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்து மறுகையாற் செய்க. மின் ஒரு கையிற் புகுந்து நெஞ்சினூடே மறுகையால் வெளியேறுதலே இறப்புக்குப் பெருங்காரணம். உலோகச் சட்டகத்தைப் புவியுடன் இணைத்தல் கட்டாயம். நிலைமாற்றியின்றி வீட்டு மின்னை நேரே சட்டகத்துக்கு எடுத்த பழைய வானொலிப் பெட்டிகளின் படத்தைப் பார்த்து எவரும் கட்டலாகாது. பிரித்துப் பார்த்தலும் தனியே இருந்து செய்யத்தக்கதன்று. ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லாத பள்ளி மாணவன் இவ்வேலையைத் தொடாதிருப்பதே நன்று.

கட்டி முடித்தபின் முதலிற் கேட்பது பெரும்பாலும் இரைச்சலே. சுருதியறிந்த செவிக்கு அதன் மூலங் காணல் எளிது. நம் மின்வழங்கல் நொடிக்கு 50 அலைவு. சூடேற்றிக் கம்பியிலிருந்து கசியும் இரைச்சல் அதே 50. சீராக்கியிலிருந்து வருவதோ 100, அதாவது ஒரு தாயி மேலே. முன்னதாயின் சூடேற்றிக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, சட்டகத்தின் மூலையோடு ஒட்டிச் செலுத்துக. பின்னதாயின் சீராக்கும் கொள்ளளவியையும் தூண்டலையும் பார்க்க வேண்டும். புவித்தொடர்புகள் அனைத்தையும் வாயிலின் அருகே ஒரே புள்ளியிற் சேர்ப்பதனால் இரண்டுமே குறையும்.

குழாயின் ஒலி தனியினிமை உடையது என்பார் பலர். ஒற்றைக் குழாய் தரும் திரிபில் இரண்டாம் இசையம், அதாவது மேற்றாயிச் சுரம், கணிசமாக இருப்பதனால் அது மூலச் சுரத்தோடு இழைந்து செழுமையாகத் தோன்றும். அதனை விரும்புதல் அவரவர் சுவை. தூய்மை என்று பெயரிடுதல் மட்டும் பொருந்தாது.

கருவி ஒழுங்காக நிற்கிறதா என்பதை அறிய, ஈ.எல். 84இன் கதோட்டுத் தடையின் குறுக்கே அழுத்தத்தை அளத்தல் வேண்டும். தடை 135 ஓம் ஆயின் 7.3 வோல்ற்று அளவில் வரவேண்டும். மிகக் கூடுதலாக இருந்தால் முதற்படியையும் வலுப்படியையும் இணைக்கும் கொள்ளளவியை ஐயுறுக. பழைய வானொலிகளிற் கழற்றிய தாட் கொள்ளளவிகள் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடும். வடகீழ்ப் பருவமழையில் நனையும் பதுளை மலைகளில் இக்குறை அரிதன்று. முதற்படி அனோட்டில் 150 வோல்ற்று இருக்கையில், கசிவுத் தடை 20 மெகாஓமாகக் குறைந்தாலே, 470 ஆயிரம் ஓம் தடையுடைய நெய்யரியில் 3.4 வோல்ற்று நேரழுத்தம் ஏறிவிடும். குழாயின் தகடு சிவக்கத் தொடங்குமுன் மின்னை அணைத்து, புதிய பிளாஸ்ரிக் படலக் கொள்ளளவியொன்றை இட்டு, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.