அரைப் பவுன் தேறாத இரும்பு

வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்த பழைய 100 சிசி வண்டி அது. சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, டீசலில் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் மெக்கானிக். உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"மின்னுறதுதான் தம்பி கோளாறே. நகத்தை வச்சு கீழேயிருந்து மேலே இழுத்துப் பாருங்க."

மேல் விளிம்பை எட்டுவதற்குச் சற்று முன் நகம் எதிலோ தட்டி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. இன்ஜினைச் சரிசெய்வதா, மாற்றுவதா என்ற கேள்விக்கான விடை இந்தப் படியில் தொடங்குகிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, பிஸ்டன் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கணம், கீழே ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். ஆக, நொடிக்கு இருநூறு முறை நிற்கிறது! ஓடும்போது கவலையில்லை. மழைநீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தரையைத் தொடாமல் வழுக்குமே, அதுபோலப் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் ஆயில் படலத்தின்மேல் மிதந்துவிடும். நின்றால் படலம் மெலிந்து, இரும்பும் இரும்பும் உரசும். மேலே நிற்கும் நேரத்தில்தான் பெட்ரோலும் பற்றிக்கொள்கிறது. எரியும் வாயு ரிங்கின் முதுகுப்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. ஆயில் கைவிடும் இடமும் அழுத்தம் உச்சத்தைத் தொடும் இடமும் ஒன்றாகிவிடுவதால், அங்கே தேய்மானம் மிக அதிகம். ரிங் எட்டாத மேல்விளிம்பு மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். நகத்தில் தட்டியது அதுதான்.

பளபளப்புக்கும் இந்தத் தேய்மானம்தான் காரணம். புதுச் சிலிண்டரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். ஆயிலைப் பிடித்துவைக்க, ஹோனிங் செய்து வேண்டுமென்றே போட்டவை. அவை தேய்ந்து அழிந்தால் சுவர் மின்னும்; தேய்ந்த ரிங்கால் ஆயிலைச் சரியாக வழித்தெடுக்கவும் முடியாது. மீறி மேலேறும் ஆயில் எரிந்து புகையாகிறது.

இப்படித் தேய்வதற்குள் அந்தப் பிஸ்டன் எவ்வளவு நடந்திருக்கும்? உதாரணத்துக்கு, ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ., சுற்று நிமிடத்துக்கு 4,500 என்று வைத்துக்கொண்டால், 60,000 கி.மீ. ஓடி முடிப்பதற்குள் இன்ஜின் 40 கோடி முறை சுற்றியிருக்கும். ஐந்து செ.மீ. கிணற்றுக்குள்ளேயே பிஸ்டன் ஏறக்குறைய 40,000 கி.மீ. பயணம் செய்திருக்கும். பூமியின் சுற்றளவும் அவ்வளவுதான். இத்தனை நடைக்கும் விட்டம் 0.1 மி.மீ., அதாவது ஒரு வெள்ளைத்தாளின் கனம் கூடியிருந்தால், பிஸ்டன் நகரும் தூரம் முழுக்கச் சீராகத் தேய்ந்ததாகக் கணக்கிட்டாலும் போன இரும்பு மூன்று கிராம் தேறாது. அரைப் பவுனுக்கும் குறைவு. அதற்குத்தான் "இன்ஜின் போச்சு" என்கிறோம்.

இந்த இழப்பை ஈடுகட்ட ரீபோர் போதும். சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வரும். லேத் பட்டறைக்காரர் முதலில் பிஸ்டனைக் கேட்பார். அதை அளந்துதான் போர் போடுவார். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும் என்பதால் இடைவெளி நூலிழை பிசகக் கூடாது. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சத்தம். சில நவீன வண்டிகளில் சிலிண்டர் சுவரே நிக்கல் கலந்த மெல்லிய பூச்சுதான். கடைந்தால் பூச்சு போய்விடும். அங்கே பிளாக்கையே மாற்ற வேண்டும்.

அடுத்து மெக்கானிக், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து அசைக்கிறார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால், ராட் கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங் போய்விட்டது. செலவு கூடும், ஆனாலும் சரிசெய்யலாம். கிராங்க் கேஸில் பேரிங் உட்காரும் குழியே தேய்ந்து, பேரிங் அதற்குள் சுழலத் தொடங்கியிருந்தாலோ, கேஸ் விரிசல் விட்டிருந்தாலோதான் மாற்றும் பேச்சு வரும். இன்ஜின் நம்பர் அடித்திருப்பதும் அந்தக் கேஸில்தான். பிஸ்டன், பிளாக், ஹெட் எதை மாற்றினாலும் ஆர்.சி.யில் இருப்பது அதே இன்ஜின். கேஸ் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏற வேண்டும். பழைய இன்ஜின் வாங்கிப் பொருத்தினாலும், பிரித்துப் பார்க்காதவரை அதற்குள் எந்தப் படி இருக்கிறது என்பது தெரியாது.

இந்த வண்டியின் ராட் ஆடவில்லை. பிளாக் பழைய பேப்பரில் சுற்றி, 0.50 பிஸ்டனோடு லேத்துக்குப் போகிறது. மறுநாள் திரும்பி வரும்போது உள்ளே மினுமினுப்பே இல்லை. மங்கலாக, கோடு கோடாக இருக்கிறது. யாரும் சொல்லாமலே வண்டிக்காரர் நகத்தை உள்ளே விட்டு மேலே இழுக்கிறார்.

எங்கும் தட்டவில்லை.