மார்பு நீச்சலும் நடுவர் கண்ணும்

கல்வராயன் மலையடிவாரத்துக் கிணறுகளில் நீந்தி மகிழும் கள்ளக்குறிச்சிச் சிறுவர்க்குக் காலை எவ்வாறு உதைப்பது என்பதில் விதியேதும் இல்லை, கரையேறினாற் போதும். ஆயின் அவருள் ஒருவன் சென்னை வேளச்சேரிக் குளம் போன்றதொரு பந்தயக் களத்தில் மார்பு நீச்சலுக்கு இறங்குவானாயின், அவன் கால்கள் விரும்பியவாறு இயங்கலாகா. அவ்விதி யாது, அதனைக் காப்போர் யாவர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மார்பு நீச்சலில் இரு கால்களும் ஒருங்கே மடங்கி, பாதங்கள் புறநோக்கித் திரும்பி உந்துதல் வேண்டும். தவளையின் உதையை ஒப்பது இது. கால்களைச் சேர்த்து மீன்வால்போற் கீழ்நோக்கி அடிக்கும் டால்பின் உதை முன்னர் விலக்கப்பட்டிருந்தது. 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் பந்தயத்தில் வென்ற ஜப்பானியராகிய கொசுகே கிடஜிமா நீருள் அவ்வுதையை இட்டார் என அமெரிக்க வீரர் ஆரன் பியர்சால் குறைகூறினார். முதல்வர்க்கும் இரண்டாமவர்க்கும் இருந்த இடைவெளி 0.17 நொடியே. 2005இல் உலக நீச்சற் கூட்டமைப்பு, தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரேயொரு டால்பின் உதைக்கு இசைவு தந்தது. இன்றைய விதிப்படி முதல் தவளையுதைக்கு முன்னரே அதனை முடித்தல் வேண்டும்.

இனி, காவல் முறையைக் காண்போம். குளத்தின் இருமருங்கும் நின்று நோக்குவோர் நீச்சல்முறை நடுவர்; தடங்களின் முனையில் நிற்போர் திருப்ப நடுவர். பிற நீச்சல்களில் முதற் கைவீச்சு முடியும்வரை நோக்கும் திருப்ப நடுவர், மார்பு நீச்சலில் இரண்டாங் கைவீச்சு முடியும்வரை நோக்குவர். பிழை கண்டவர் பந்தயத்தையும் தடத்தின் எண்ணையும் பிழையின் தன்மையையும் சீட்டிலெழுதிக் கையொப்பமிட்டுத் தலைமை நடுவரிடம் அளிப்பர். வீரரைத் தகுதி நீக்குதல் அவர் பொறுப்பு.

ஆயினும் நடுவர் நிற்பது கரைமேல். உதை நிகழ்வது நீரின்கீழ், நுரையினுள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கராகிய கேமரன் வான் டெர் பர்க் 58.46 நொடியில் உலகச் சாதனையுடன் பொற்பதக்கம் பெற்றார். நீருள் எடுத்த படமோ ஒன்றுக்கு மேற்பட்ட டால்பின் உதைகளைக் காட்டிற்று. பலரும் அவ்வாறே செய்வதால், தாம் செய்யாவிடிற் பின்தங்க நேரும் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். முடிவு மாறவில்லை. இழந்தவர் யாரெனின், ஓருதையோடு நின்றவரே அன்றோ!

இந்நாளில் உலகப் பெரும்போட்டிகளிற் படக்கருவியும் நடுவர்க்குத் துணைசெய்கின்றது. அஃதில்லாத சிறு போட்டிகளில் மனிதக் கண்ணே சான்று. அக்கண் எட்டாத இடத்தில் விதியைக் காக்க வல்லது நீந்துவோன் நெஞ்சமே. நம் மலையடிவாரத்துச் சிறுவன் நாளை பந்தயக் குளத்தில் இறங்குங்கால், ஒருவரும் காணாவிடத்தும் ஒருமுறையே உதைப்பானாயின், பதக்கம் கிட்டினும் கிட்டாவிடினும் அவன் நேர்மையில் வென்றவனே என்பது நம் துணிபு.