18 பேரும் ஒரு தலைவரும்: ஜாஸ் பெருங்குழுக்களின் இசைத்தட்டுகள்



கவிதை, சிறுகதை பற்றிப் பேசும் இந்நிகழ்ச்சியில் இன்று இசைத்தட்டுகள் மூன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஜாஸ் இசையின் பெருங்குழுக்களைக் கேட்கும்போது, "பல வாத்தியங்கள் ஒருமிக்க முழங்குகின்றன, எதைக் கவனிப்பது என்றே தெரியவில்லை" என்று நம்மவர் பலர் ஒதுங்கிவிடுவதுண்டு. எதைக் கவனிக்கலாம் என்பதற்கு ஒரு வழியைக் கூறுவதே எனது நோக்கம்.

பெருங்குழு ஒன்றில் வழக்கமாக 17, 18 பேர் இருப்பார்கள். சக்ஸபோன், ட்ரம்பெட், ட்ரொம்போன் என ஊதுகருவிகள் மூன்று பிரிவாக அமரும். பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் ஆகியன அடித்தளமாய் அமையும். இசையின் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இடையிடையே ஒருவர் தமது மனோதர்மப்படி வாசிப்பார். அவ்வேளையில் ஏனையோர் அவருக்குப் பின்னணியாவார்கள். சில குழுக்களில் இசையை எழுதுபவர் குழுத் தலைவரே. தட்டின் உறையில் காணப்படுவதும் அவர் பெயரே.

அப்படியாயின் அத்தலைவர் யாருக்காக எழுதுகிறார்? இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் டியூக் எலிங்டன். அவருடைய சுரத்தாள்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரே குறிக்கப்படுவது வழக்கம். ஹரி கார்னி என்ற பரிடோன் சக்ஸபோன் கலைஞர் 1927 முதல், எலிங்டன் மறைந்த 1974 வரை அக்குழுவிலேயே இருந்தார். நன்கு பழகிய நடிகரை மனத்திற் கொண்டு நாடகாசிரியர் பாத்திரம் படைப்பதைப் போன்றது இது.

1963இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அனுசரணையுடன் எலிங்டன் குழு மத்திய கிழக்கிலும் தென்னாசியாவிலும் சுற்றுப்பயணம் செய்தது. இலங்கைக்கும் வந்தது. ஜனாதிபதி கென்னடி கொலையுண்டதை அடுத்து, பயணம் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அப்பயண அனுபவங்களை வைத்து எலிங்டனும் அவருடைய சக படைப்பாளி பில்லி ஸ்ட்ரேஹோர்னும் ஆக்கியதே 1967இல் வெளிவந்த 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' என்ற தொகுப்பு. டில்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரல் அதில் ஜிமி ஹமில்டனின் கிளாரினெட்டில் ஒலிக்கிறது. 'இஸ்ஃபஹான்' என்ற பகுதி ஜொனி ஹொட்ஜஸின் சக்ஸபோனுக்காகவே பிறந்தது போலத் தோன்றும்.

இந்த மரபு இன்றும் தொடர்கிறது. மரியா ஷ்னைடர் 1960இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். கில் எவன்ஸ் என்ற இசையமைப்பாளரின் உதவியாளராகப் பணியாற்றியவர். பொப் புரூக்மையரிடம் பயின்றவர். 2020இல் வெளிவந்த அவரது 'டேட்டா லோர்ட்ஸ்', அதாவது 'தரவுகளின் பிரபுக்கள்', இரண்டு இறுவட்டுகளைக் கொண்டது. முதலாவது கணினி உலகைப் பற்றியது. இரண்டாவது இயற்கை உலகைப் பற்றியது. முதலாவதில் மோர்ஸ் தந்திக் குறிகளின் தாளத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆக்கம் உண்டு. கூகுள் நிறுவனம் ஒருகாலத்தில் தன் கோட்பாடாகக் கூறிவந்த வாசகத்தையே தலைப்பாகக் கொண்டு அந்நிறுவனத்தை எள்ளும் ஆக்கமும் உண்டு. இரண்டாவதில் ஜப்பானிய ஆலயத் தோட்டமும் நீலப்பறவையும் வருகின்றன. அமெரிக்கக் கவிஞர் டெட் கூஸரின் கவிதைகளிலிருந்து எழுந்த இசையும் அதில் உள்ளது. இத்தொகுப்புக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.

இத்தொகுப்பு எழுப்பும் கேள்வி, அதை உருவாக்கியவரின் வாழ்க்கையோடும் சம்பந்தப்பட்டது. 18 கலைஞர்களின் ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்கும் யார் பணம் கொடுப்பது? எலிங்டன், தமது பாடல்களுக்குக் கிடைத்த உரிமைப் பணத்தைக் கொண்டே குழுவைக் கட்டிக்காத்தார் என்பர். இணையத்தில் இசை ஏறக்குறைய இலவசமாகிவிட்ட பிறகு அந்த ஊற்று வற்றத் தொடங்கியது. ஷ்னைடர் ரசிகர்களை நாடினார். ஆர்ட்டிஸ்ட்ஷெயர் என்ற அமைப்பின் மூலம், இசை உருவாகும்போதே அவர்கள் பங்களிப்புச் செய்ய வழி பிறந்தது. அவ்வாறு உருவான 'கொன்சர்ட் இன் த கார்டன்' என்ற தொகுப்பு 2004இல் வெளியாகியது. கடைகளில் விற்கப்படாமலே மறு ஆண்டில் அது கிராமி விருதை வென்றது. படைப்பாளிகளின் பதிப்புரிமை பற்றி 2014இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்றின் முன் அவர் சாட்சியமும் அளித்தார்.

மூன்றாவது தொகுப்பு, கனடாவில் பிறந்த டார்ஸி ஜேம்ஸ் ஆர்கியூவின் 'டைனமிக் மக்ஸிமம் டென்ஷன்'. இது 2023இல் வெளிவந்தது. இவரும் புரூக்மையரின் மாணவர். 'சீக்ரெட் சொசைட்டி' என்ற 18 பேர் கொண்ட குழுவின் தலைவர். இதிலுள்ள ஓர் ஆக்கம் அரை மணித்தியாலத்துக்கும் மேல் நீள்கிறது. எலிங்டன் 1937இல் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ' என்ற ஆக்கத்துக்கு அது ஒரு பதில் எனலாம். 1956இல் நியூபோர்ட் விழாவில் போல் கொன்ஸால்வஸ் என்ற சக்ஸபோன் கலைஞர் 27 சுற்றுகள் தொடர்ந்து வாசித்துச் சபையை எழுந்து நிற்கச் செய்தது இந்த எலிங்டன் ஆக்கத்தில்தான்.

ஆளுக்காக எழுதும் இசைக்கு ஒரு விலையும் உண்டு. ஆள் மறைந்தால் அந்தக் குரலும் மறைந்துவிடுகிறது. ஷ்னைடர் குழுவில் நீண்டகாலம் பியானோ வாசித்த ஃபிராங்க் கிம்புரோ, 'டேட்டா லோர்ட்ஸ்' வெளிவந்த அதே ஆண்டு டிசெம்பரில் காலமானார். ஷ்னைடர் குழுவிலும் ஆர்கியூ குழுவிலும் ட்ரம்பெட் வாசித்த லோரி ஃபிரிங்க் 2013இல் மறைந்தார். ஆர்கியூவின் தொகுப்பில் 'ஆல் இன்' என்ற ஆக்கம் அவர் நினைவாக அமைந்தது. அவர்கள் இடத்தில் வேறொருவர் அமரலாம், அதே சுரங்களை வாசிக்கலாம். ஆனால் தலைவர் எழுதும்போது அவர் காதில் ஒலித்த குரல் அதுவன்று. ஆகவே இத்தகைய இசைத்தட்டு, குறித்த ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த சிலரின் பதிவேடாகவும் அமைகிறது.

எனவே நேயர்களே, இத்தகைய தட்டொன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், முதலில் உறையிலுள்ள பெயர்களைப் படியுங்கள். அவர்களுள் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் தனித்து வாசிக்கும் இடம்வரை காத்திருந்து கேளுங்கள். அவ்வேளையில் மற்றவர்கள் அவருக்கு எப்படி இடம் விடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தலைவரின் எழுத்து அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் முறை கேட்கும்போது அது வெறும் முழக்கமாகத் தோன்றாது.