கடைக்காணியில் கையெழுத்து வைக்குமுன் நில அளவை

வீதி திறந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் சந்தியடிக் காணிகளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பழைய கடை இருந்த நிலம், அரிசி ஆலை நின்ற வளவு, சந்தைக்குப் பக்கத்துத் துண்டு ஆகியவற்றை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கேட்பார்கள். "உறுதி இருக்குத்தானே, முற்பணம் இண்டைக்கே தாறன்" என்பார்கள். கூரைத் தகரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் காசு தேவைப்படும் நேரம் அது. கையெழுத்து வைக்கத்தான் மனம் சொல்லும். அதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றி இந்தப் பகுதி விளக்குகிறது. காணியை அளப்பித்து, நில அளவைப் படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வதே அந்த வேலை.

வீட்டுக்காணியில் வேலி ஓர் அடி அங்காலே நின்றால் அயலவரோடு பேசித் தீர்க்கலாம். கடைக்காணியில் அது கடினம். வீதிக்கு முகம் காட்டும் பக்கத்தில் ஓர் அடிக்கும் விலை உண்டு. அங்கே எழும்புவது கிடுகு வேலி அல்ல, கொங்கிறீட் கட்டடம். கட்டி முடிந்த சுவரைப் பின்னர் நகர்த்த எவரும் உடன்பட மாட்டார்கள்.

உறுதி சொல்வது என்ன?

யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றின் அட்டவணையை வாசித்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும். "பரப்பு 2" என்பது போல விஸ்தீரணம் இருக்கும். அதன் பின் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லைகள் வரும். அந்த எல்லைகள் பெரும்பாலும் அயற்காணிக்காரரின் பெயர்கள், இல்லாவிட்டால் ஒழுங்கை, வீதி. பல உறுதிகளில் நில அளவைப் படத்தின் இலக்கமே இராது. உறுதி எழுதிய நாளில் அது போதுமாயிருந்தது. எந்தக் கதியால் வேலி யாருடையது, எந்தப் பனையோடு காணி முடிகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இப்போது அந்தப் பெயருக்குரியவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் எங்கே என்றும் தெரியாமல் இருக்கலாம். வேலி பட்டுப்போய்விட்டது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறி, இருபது இருபத்தைந்து ஆண்டுகளின் பின் திரும்பியவர்களில் பலர் தங்கள் வளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நின்றார்கள். வீடும் மதிலும் தரைமட்டமாகி, பற்றை மூடியிருந்தது. உறுதி கையில் இருந்தும், அதிலுள்ள எல்லைகளை நிலத்தில் காட்ட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

உறுதி பதியப்பட்டிருக்கிறது, ஆகவே எல்லையும் பாதுகாப்பாக இருக்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். காணிப் பதிவகம் பதிவது பத்திரத்தை. பத்திரத்திலுள்ள அளவு நிலத்தில் இருக்கிறதா என்று அது வந்து பார்ப்பதில்லை. (1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் பெற்ற காணிகளின் நிலை வேறு. அவை அரசால் அளக்கப்பட்டவை.)

உறுதி தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு தாம் எழுதும் உறுதியின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். அங்கே தேடிப் பிரதி எடுக்கலாம். நில அளவையாளரை அழைக்குமுன் அதைச் செய்துகொள்ளுங்கள். உறுதி இல்லாமல் அளந்தால் அவர் உங்கள் கை காட்டும் இடத்தையே அளப்பார்.

இரண்டு பரப்பு இரண்டு பரப்பாக இருக்கிறதா?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. அதில் 18 குளி உண்டு. ஒரு குளி 151.25 சதுர அடி. உங்கள் கடைக்காணி வீதியோரமாக 55 அடி, உள்ளே 99 அடி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 5445 சதுர அடி. சரியாக 2 பரப்பு.

நீங்கள் இல்லாத காலத்தில் வீதி அகலமாக்கப்பட்டு, முன்பக்கத்தில் 11 அடி வீதியோடு சேர்ந்துவிட்டது. மீதி 55 அடிக்கு 88 அடி. அது 1 பரப்பு 14 குளி. குறைந்தது 4 குளிதான், ஆனால் அது 605 சதுர அடி, ஒரு சிறிய கடையின் நிலம். உறுதி இன்னும் 2 பரப்பு என்றே சொல்லும். நீங்கள் அதை நம்பி 2 பரப்பை விற்றால், வாங்கியவர் கட்டடம் போட அளக்கும்போது குறை தெரியவரும். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், அல்லது குறைந்ததைப் பக்கத்துக் காணிக்குள் தேடுவார். இரண்டாவதுதான் மோசமானது. அப்போது வழக்கில் உங்கள் பெயரும், திரும்பி வராத அயலவரின் பெயரும் சேர்ந்துவிடும்.

மாறாக, காணி கூடுதலாக இருப்பதும் உண்டு. வேலி இல்லாத காலத்தில் அயலவரின் ஒரு துண்டோ ஒழுங்கையின் ஓரமோ உங்கள் வளவோடு சேர்ந்திருக்கும். அதைச் சேர்த்து விற்க உங்களுக்கு உரிமை கிடையாது.

இடிபாட்டை அகற்ற அவசரப்பட வேண்டாம்

பலர் செய்யும் தவறு இது. காணி கைக்கு வந்ததும் இயந்திரத்தைப் பிடித்து எல்லாவற்றையும் வழித்துத் துப்புரவாக்கி விடுகிறார்கள். இடிந்த கடையின் அத்திவாரம், கிணற்றுக் கட்டு, மதிலின் அடிக்கல், பட்ட வேலி மரத்தின் அடிக்கட்டை ஆகியவைதான் நில அளவையாளருக்குக் கிடைக்கக்கூடிய சாட்சிகள். பழைய படம் ஒன்று இருந்தாலும், அதை நிலத்தில் பொருத்திப் பார்க்க ஒன்றிரண்டு பழைய குறிகள் வேண்டும். பற்றையை மட்டும் வெட்டுங்கள். அத்திவாரத்தைத் தொடுமுன் நாலு பக்கமும் நின்று படம் பிடித்து வையுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்படாத நிலத்தில் பற்றை வெட்டவோ நில அளவையாளரை இறக்கவோ கூடாது. ஐயம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

யார் அளப்பது?

தனியார் காணியை அளக்க அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரை நீங்களே அமர்த்த வேண்டும். ஊரில் சேர்வேயர் என்று சொல்வது இவரைத்தான். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி இவர் நில அளவைச் சபையில் பதிந்திருக்க வேண்டும். அந்த வருடத்துக்குரிய தொழில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கட்டணத்தையும் முன்னரே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வாங்குபவர் "என்ர ஆளே அளக்கட்டும், நான் காசு குடுக்கிறன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் பக்கத்திலும் ஒருவரைப் பாருங்கள். இரண்டு படங்களும் ஒத்துவந்தால் இருவருக்கும் நல்லது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற இடங்களில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வீதியோரக் கடைக்காணி என்று பல காலம் ஆண்டு வந்தது அரச காணியாக இருக்கலாம். கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று முதலில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரக் காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி முன்னதாகவே வேண்டும். அரச காணியை அளப்பது நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கான வேண்டுகோளைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கொடுங்கள்.

அளக்கும் நாள்

நாளை அயற்காணிக்காரருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். ஊரில் வயதான ஒருவரையும் கூட்டி வாருங்கள். பழைய வேலியைக் கண்டவரின் நினைவு சில வேளைகளில் பழைய படத்துக்கு ஈடாக உதவும். எந்த வேலி யாருக்குரியது, பங்குக் கிணற்றுக்கு வழி எது, வாய்க்கால் எப்படிப் போகிறது என்பவற்றையும் சொல்லிப் படத்தில் குறிக்கச் செய்யுங்கள். கடை வரிசையாக இருந்தால் நடுச்சுவர் பொதுவானதா, ஒருவருக்கு மட்டும் உரியதா என்பதும் படத்தில் வரவேண்டும்.

அயலவர் இன்னும் வரவில்லை என்றால்? அவர் தமிழ்நாட்டில் முகாமில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம், இறந்தும் இருக்கலாம். உறவினர் மூலம் தகவல் அனுப்புங்கள். கிராம அலுவலருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். எல்லையில் ஐயம் இருந்தால் அந்தக் கோட்டைப் பிணக்குக்குரியது என்று குறிக்கும்படி நில அளவையாளரிடம் சொல்லுங்கள். அவர் இல்லை என்பதற்காக வேலியைத் தள்ளி அடைக்காதீர்கள். உங்களுக்கு முதல் ஊர் திரும்பியவர் உங்கள் காணியில் அப்படிச் செய்திருந்தால் இன்று நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

படம் கைக்கு வந்த பின்

படத்தின் இலக்கம், திகதி, நில அளவையாளரின் கையொப்பம், துண்டு இலக்கம், விஸ்தீரணம், நான்கு எல்லைகள் ஆகியவற்றை உறுதியோடு ஒப்பிடுங்கள். விஸ்தீரணம் ஹெக்டேயரில் இருந்தால் மலைக்க வேண்டாம். ஒரு பரப்பு ஏறத்தாழ 0.0253 ஹெக்டேயர். உறுதிக்கும் படத்துக்கும் வேறுபாடு இருந்தால் காரணத்தை நில அளவையாளரிடமே கேளுங்கள்.

படத்தோடு பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ போய் வீதிக்கோடு பற்றி விசாரியுங்கள். வீதியை எதிர்காலத்தில் எவ்வளவு அகலமாக்கலாம், வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை அது காட்டும். காணி உங்களுடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு முன்னால் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காது. கடைக்காணியின் விலையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. காணியின் ஒரு துண்டை மட்டும் விற்பதாயின், பிரித்த படத்துக்குச் சபையின் அங்கீகாரம் வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

பின்னர் எழுதும் விற்பனை உறுதியிலோ குத்தகை உறுதியிலோ ஈட்டிலோ, அட்டவணையில் இந்தப் படத்தின் இலக்கமும் திகதியும் துண்டு இலக்கமும் வரும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். குத்தகை என்பதால் வெறும் கடிதம் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் வலுவுடையது. குத்தகைக்காரர் எந்த இடத்தில் கட்டலாம், கிணற்றைப் பாவிக்கலாமா என்பதையும் படத்தைக் காட்டியே எழுதுங்கள்.

படம் உரிமையைத் தராது என்பதையும் மறக்க வேண்டாம். அது காணி எங்கே, எவ்வளவு என்று காட்டும். காணி யாருடையது என்பது உறுதியின் விடயம். காணி சகோதரருக்கிடையே பிரிபடாமல் இருந்தால் நீங்கள் உங்கள் பங்கை மட்டுமே விற்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட காணியில் கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்காகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் வேண்டும். தேசவழமையின் கீழ் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. கணவர் இருக்குமிடம் தெரியாத பெண்கள் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். இதற்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

எல்லைப் பிணக்கு எழுந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். இரு தரப்பும் ஒரே படத்தை வைத்துப் பேசினால் அங்கே பல பிணக்குகள் முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் தன் ஆணையின் பேரில் ஒரு நில அளவையாளரை அனுப்பும்.

படத்தின் மூலப்பிரதியை உறுதியோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். மூன்றாவதைத் தொலைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கோ சகோதரருக்கோ அனுப்பி வையுங்கள்.