ஆலயத்திலிருந்து ஆலயத்திற்குக் கால்நடையாக

நம் கத்தோலிக்க மக்களுக்குக் கால்நடைத் திருப்பயணம் புதிதன்று. ஆகஸ்டு மாத இறுதியில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து காவியுடை அணிந்து வேளாங்கண்ணி அன்னையை நாடி நடப்போரை நாம் ஆண்டுதோறும் வழியனுப்பி வைக்கிறோம். தவக்காலத்தில் பரங்கிமலைப் படிகளில் முழங்காலிட்டு ஏறுவோரும் உண்டு. பெரிய வியாழன் இரவில் ஏழு கோவில்களைச் சந்திக்கும் வழக்கமும் நமக்குத் தெரிந்ததே. உரோமை நகரின் ஏழு பேராலயங்களையும் கால்நடையாகத் தரிசிக்கும் பழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் மக்களிடையே பரப்பியவர் புனித பிலிப் நேரி.

ஆனால் ஒரு மெதடிஸ்து போதகர் தம் நகரில் உள்ள தம் சபையின் ஆலயங்களுக்கிடையே நடந்து திருப்பயணம் செய்கிறார் என்று கேள்விப்பட்டால், நம்மில் பலர் வியப்படைவர். அவர்களுக்குப் புதுமைத் தலங்கள் இல்லை. புனிதர்களின் திருப்பண்டங்கள் இல்லை. நேர்ச்சைக் கடனும் இல்லை. அப்படியிருக்க அவர் எதைத் தேடி நடக்கிறார்?

விடை அச்சபையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலிக்கன் குருவான ஜான் வெஸ்லி (1703–1791) ஆலயத்திற்கு வராத சுரங்கத் தொழிலாளரைத் தேடிச் சென்று, 1739 முதல் திறந்த வெளியில் போதித்தார். பெரும்பாலும் குதிரைமீது அவர் சுற்றிய தொலைவு இரண்டரை இலட்சம் மைல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பல சிற்றாலயங்களை ஒரு வட்டமாக இணைத்து, எந்த ஞாயிறு எந்தப் போதகர் எந்த ஆலயத்திற்குச் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை வகுத்தனர். போதகர் ஓரிடத்தில் வேர்விட அச்சபை இடங்கொடுக்கவில்லை. (சாமியாரை மாற்றக் கூடாது என்று ஆயரில்லத்திற்கு மனுவோடு செல்லும் நம் பங்கு மக்கள் இதைக் கவனிப்பார்களாக!) ஆலயங்களுக்கிடையே நடப்பது அவர்களுக்குப் பக்தி முயற்சியாகத் தோன்றியதன்று; அது போதகரின் அன்றாடக் கடமை.

சென்னைக்கு இம்முறை யாழ்ப்பாணம் வழியாக வந்தது. 1814-ல் இலங்கையில் இறங்கிய வெஸ்லியன் குருக்களுள் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னை சேர்ந்தார். இவர்கள் வழிவந்த சபைகள் 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கரோடும் பிறரோடும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஆகவே நாம் சி.எஸ்.ஐ. என்றழைக்கும் ஆலயங்கள் சில இன்றும் வெஸ்லியின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அமெரிக்க மெதடிஸ்துகள் தனியே வந்தவர்கள். வேப்பேரியில் அவர்களது ஆலயம் உண்டு.

நம் மேற்குப் பகுதிக்கு நெருங்கிய வரலாறு திருவள்ளூரையடுத்த ஈக்காட்டில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளில் பிறந்த வில்லியம் கவுடி 1882-ல் வெஸ்லியன் மிஷன் குருவாகச் சென்னை வந்து, பின்னர் திருவள்ளூர் வட்டாரத்தில் பணிபுரிந்தார். அக்காலத்தில் இரயில், ஆவடி வழியாகத் திருவள்ளூர் வரை வந்துவிட்டது. ஆனால் இரயில் நிலையத்திலிருந்து சேரிக்குச் செல்ல மாட்டு வண்டியும் கால்களுமே துணை. வயல் வரப்பில் வண்டியும் செல்லாது. அப்படி ஊர் ஊராகச் சென்றவர்களுக்கு வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியவந்தது. உழுபவனுக்கு ஒரு காணி நிலமில்லை. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. ஞானஸ்நானம் பெறத் துணிந்தவன் குடிசையை விட்டு விரட்டப்படலாம். கவுடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும் இந்நிலைமையை அரசின் செவிக்கு எட்டச் செய்தவர்களுள் முக்கியமானவர்கள். மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையையொட்டி, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று கேள்விப்படுவது அதுவே. அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர் யார் யார் கைக்குப் போயிற்று என்பது வேறு கதை, வருந்தத்தக்க கதை. மேசையருகே அமர்ந்து வந்தவரை மட்டும் விசாரித்திருந்தால், கவுடி இதையெல்லாம் அறிந்திருக்க மாட்டார் என்பதே நம் கருத்து.

நம் உபதேசியார்களும் இதே வழிகளில் நடந்தவர்களே. பல ஊர்களில் இரு சபையாரும் ஒரே சேரியில் எதிரெதிராகக் கூரைக்கோவில் கட்டி, ஒருவர் ஆட்டை மற்றவர் இழுத்த காலமும் இருந்தது. ஆயினும் அதற்கு முன்பே, 1749-ல், வெஸ்லி டப்ளினிலிருந்து ஒரு கத்தோலிக்கருக்கு எழுதுவதாக ஒரு கடிதம் வெளியிட்டார். ஒருவரையொருவர் இழிவாகப் பேசாமலும் நினைக்காமலும், ஒருவருக்கொருவர் துணைசெய்து வாழலாமே என்பது அதன் சாரம். நம் தரப்பில் இதற்குச் சரியான பதில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பிலேதான் கிடைத்தது. 1967 முதல் இரு சபைகளும் முறையாக உரையாடி வருகின்றன. மனிதர் இறையருளால் ஏற்புடையோராவது பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் செய்த கூட்டறிக்கையில் மெதடிஸ்துகளும் 2006-ல் சியோல் நகரில் இணைந்தனர்.

இருப்பினும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர இன்னும் நம்மால் இயலவில்லை. திருச்சபையின் ஒழுங்கை நாம் மதிக்கிறோம். அதன் காரணமும் அறிவோம். ஆனால் அது வேதனையில்லாத ஒழுங்கு என்று யாரும் எண்ண வேண்டாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் பல மாவட்டத்து மக்களை ஒரே தெருவில் குடியேற்றின, பிள்ளைகள் பழகினர், ஆயரின் அனுமதியுடன் கலப்புத் திருமணங்கள் நடந்தன. ஞாயிறு காலையில் தந்தை ஒரு ஆலயத்திற்கும் தாய் மற்றோர் ஆலயத்திற்கும் பிரிந்து செல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் உள்ளன. எந்தப் பக்கம் போவதென்று வாசலில் நிற்கும் குழந்தைக்கு நாம் சொல்லும் விளக்கம் எதுவும் போதுமானதாய் இருந்ததில்லை.

ஆகவே சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஒரு போதகர் தம் ஆலயங்களைச் சந்திக்க நடந்து வருகிறாரென்றால், வழியிலுள்ள நம் கோவிலின் கதவு திறந்திருக்கட்டும். வேளாங்கண்ணி யாத்திரிகருக்கு வைக்கும் தண்ணீர்ப் பானையையும் நீர்மோரையும் அவருக்கும் வைப்போம். அமர்ந்து இளைப்பாறியபின் ஒரு திருப்பாடலும் கர்த்தர் கற்பித்த செபமும் சேர்ந்து சொல்லலாம். இத்தகைய பொதுச் செபத்தைச் சங்கம் விரும்பி ஊக்குவிக்கிறது. ஒரே ஒரு சிக்கல். இரு சபை அறிஞரும் சேர்ந்து உழைத்து 1995-ல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தபோதிலும், அவர்கள் செபத்தைப் பழைய சொற்களிலேயே சொல்வர். நாம் வேறு சொற்களில் சொல்வோம். முதல் வரியிலேயே இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒலிபெருக்கி நம் கையில் இருப்பதால் நம் குரலே மேலோங்கிவிடக் கூடாது. அதை அணைத்துவிட்டு, அவர் முதலில் தொடங்க, நாம் மெதுவாகச் சேர்ந்துகொள்வது நலம்.