நங்கூரம் தூக்கும் எந்திரம் இறுகிப்போனால்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் நாள் முழுக்கத் தேங்காய் உடைந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் நாயர் படை வழிபட்ட கோயில். இன்றும் இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைத் தாண்டி, சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஓர் இரும்புச் சாமான் கடையில் நானும் மச்சானும் ஐந்து கிலோ சம்மட்டி கேட்டு நின்றோம்.

"எதுக்கு?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

கோவளம் பக்கம் மச்சானுக்கு ஒரு சிறிய சுற்றுலாப் படகு உண்டு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்குக் கரையேற்றி, மூன்று மாதம் கழித்துத் தார்ப்பாயை விலக்கினால், நங்கூரம் தூக்கும் எந்திரம் அசையவில்லை. சுவிட்சை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"சம்மட்டி வேண்டாம் தம்பி. அடிச்சா உடைஞ்சிரும். துரு இளக்குற எண்ணெய் தாறேன். நாலு நாள் ஊத்துங்க. அதுக்கும் வரலன்னா வாங்க, பேசுவோம்."

சம்மட்டி வாங்காமல் திரும்பினோம். அந்த எந்திரம் பிழைத்தது அதனால்தான்.

படகின் அணியத்தில், நங்கூரச் சங்கிலி உள்ளே வரும் இடத்தில் குந்தியிருக்கும் இதை விண்ட்லாஸ் என்பார்கள். மீன்பிடிப் படகுக்காரர்கள் பொதுவாக எல்லாவற்றையும் வின்ச் என்றே சொல்லிவிடுவார்கள். இதில் முக்கியமானது சங்கிலிச் சக்கரம். அதன் விளிம்பில் குழிகள் இருக்கும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு குழியில் உட்கார்ந்து எழும். 8 மி.மீ. சங்கிலி என்று எழுதியிருந்தாலும் கண்ணியின் நீளம் வேறானால் குழியில் உட்காராது, வழுக்கும். சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது கிளட்ச். அதைத் தளர்த்தினால் சக்கரம் தனியாகச் சுழன்று நங்கூரம் கீழே போகும். இறுக்கினால் மோட்டாரோ கையோ சங்கிலியை மேலே இழுக்கும்.

வேலை சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 8 மி.மீ. இரும்புச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. 30 மீட்டர் ஆழத்தில் தொங்கினால் சங்கிலி மட்டும் 42 கிலோ. அதன்மேல் நங்கூரம், மண்ணின் பிடி, அலையின் இழுப்பு. பெரிய கப்பலில் நங்கூரச் சங்கிலியை 27.5 மீட்டர் நீளத் துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். அங்குள்ள விண்ட்லாஸ் நிமிடத்துக்குக் குறைந்தது 9 மீட்டர் வேகத்தில் அதைத் தூக்கவேண்டும் என்பது விதி. 2025 ஜூனில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த எம்எஸ்சி இரினா ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். அந்த மலைக்கும் மச்சானின் படகுக்கும் தத்துவம் ஒன்றுதான்: உருளையைச் சுழற்றிப் பாரத்தை இழுப்பது.

மோட்டாரே இல்லாமல் அந்தத் தத்துவம் என்ன செய்யும் என்பதைக் கேரளம் கண்ணால் பார்த்திருக்கிறது. 1988 ஜூலை 8 அன்று கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். மூழ்கிய பெட்டிகளை வெளியே இழுக்க பேப்பூரிலிருந்து மாப்பிளா கலாசிகள் வந்தார்கள். உரு என்னும் மரக்கப்பல்களைக் கட்டி நீரில் இறக்கும் ஊர் பேப்பூர். பாரம் இழுப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். அவர்களுடைய கருவிக்கு 'தவர்' என்று பெயர். செங்குத்தாக நிற்கும் மர உருளை, அதில் செருகிய நீளக் கழிகள், சுற்றிவரும் ஆட்கள், கயிறு, கப்பி. 20 செ.மீ. ஆரமுள்ள உருளையை 2 மீட்டர் கழியால் தள்ளினால் ஒருவன் பலம் பத்து மடங்காகிறது. கொஞ்சம் உராய்வில் போகும். படுக்கைவாட்டு அச்சில் சுழன்றால் விண்ட்லாஸ், நின்றவாக்கில் சுழன்றால் கேப்ஸ்டன். தவர் இரண்டாவது வகை.

மரத் தவர் ஈரத்தில் ஊறும், வெயிலில் வெடிக்கும். ஆனால் மச்சானின் எந்திரத்தைப் பிடித்த நோய் அதற்கு வராது. இந்த நோய் இரண்டு உலோகங்கள் உப்புத்தண்ணீரில் சந்திக்கும்போது வருவது.

விண்ட்லாஸின் கூடு பெரும்பாலும் அலுமினியம். அச்சும் போல்ட்டும் எவர்சில்வர். இடையில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும், எவர்சில்வர் பளபளப்பாகவே நிற்கும். அரிபட்ட அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி, முன்பு இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். இடம் ஏது? அச்சைச் சுற்றி ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடும். தினமும் ஓடும் எந்திரத்தில் இந்தப் பொடி சேர்வதற்குள் உதிர்ந்துபோகும். கிளட்சின் கிரீசும் அப்படித்தான்: சுழன்றுகொண்டிருந்தால் இளகியிருக்கும், கிடந்தால் மெழுகாகும். அதனால் விண்ட்லாஸை உழைப்பைவிட ஓய்வுதான் அதிகம் கெடுக்கிறது என்பது என் முடிவு.

இதை மனிதர்கள் கற்றுக்கொண்ட கதை பழையது. 1761இல் 'அலாரம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில், மரத்தைப் புழு அரிக்காமலிருக்கச் செப்புத் தகடு அடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், செம்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பாணிகள் கரைந்திருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அங்கே கிழிபடாமல் இடையில் சிக்கியிருந்தது. ஒரு தாளின் கனம் போதும், இரண்டு உலோகம் தொடாமலிருந்தால் போதும்.

இனி எங்கள் நான்கு நாள். முதலில் சங்கிலியைத் தனிக் கயிற்றால் கட்டினோம். எந்திரம் திடீரென விடுபட்டால் நங்கூரம் கையோடு போய்விடக் கூடாது. பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். 12 வோல்ட்டில் 1000 வாட் மோட்டார் ஓடும்போதே 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுழல முடியாமல் நின்றால் பல மடங்கு. அந்த 'ம்ம்ம்' சத்தம் மோட்டார் சுருள் வேகும் சத்தம். மச்சான் இன்னும் ஐந்து முறை அழுத்தியிருந்தால் செலவு பெரிதாகியிருக்கும்.

காலையும் மாலையும் அச்சின் விளிம்பில் எண்ணெய் விட்டோம். மூன்றாம் நாள், எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, கூட்டின்மேல் துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினோம். சூட்டில் எவர்சில்வரைவிட அலுமினியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். கூடு மயிரிழை அளவு அகலும், எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். தீயைக் காட்டுகிறவர்கள் உண்டு. எண்ணெய் பற்றிக்கொள்ளும், ஆயில் சீல் கருகும்; வேண்டாம். சூட்டோடு சூடாக ஒரு மரக்கட்டையை வைத்து, சக்கரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மெல்லத் தட்டினோம். வார்ப்பு அலுமினியம் வளையாது, பிளக்கும். அண்ணாச்சிக்கு அது தெரியும்.

இன்னொரு விஷயம் எங்களுக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம் வீணானது. உள்ளே இருப்பது வார்ம் கியர்: திருகாணி போன்ற எஃகுத் தண்டு, அதில் பொருந்தும் வெண்கலப் பற்சக்கரம். தண்டு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் தண்டைச் சுழற்றாது. நங்கூரம் தானாக இறங்காமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. கிளட்ச் பிடித்திருக்கும்போது சங்கிலிச் சக்கரத்தில் கம்பி போட்டுத் தொங்கினாலும் பயனில்லை. கைப்பிடி அல்லது மோட்டார்ப் பக்கத்திலிருந்துதான் திருப்பவேண்டும். நான்காம் நாள் கைப்பிடியை அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று ஆட்டிக்கொண்டிருந்தபோது, 'டிக்' என்று ஒரு சத்தம். மச்சான் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் எண்ணெய். மதியத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது.

பிறகு எந்திரத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு வாஷரையும் வரிசை மாறாமல் தாளில் அடுக்கிப் படம் எடுத்தோம். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது; ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்ததற்கு அதுதான் அடையாளம். சீலை மாற்றி, வெள்ளைப் பொடியை நைலான் தூரிகையால் தேய்த்தெடுத்து, போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷரும் மரையில் கெட்டிக் கிரீசும் வைத்துப் பூட்டினோம். அலாரம் கப்பலின் பழுப்புத் தாள் செய்த வேலையை இப்போது அவை செய்கின்றன.

படகு வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. நங்கூரம் போட்டபின் படகின் பாரத்தை விண்ட்லாஸில் விடாதீர்கள். கயிற்றில் மாற்றிக் கட்டுங்கள். நங்கூரம் எடுக்கும்போது எஞ்சினை ஓட்டிப் படகை அதன்மேல் கொண்டுபோங்கள். விண்ட்லாஸ் சங்கிலியை மட்டும் தூக்கட்டும். மீன்பிடிப் படகுகளுக்குக் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை 52 நாள். குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். படகைக் கட்டிப்போட்டிருக்கும் அந்த நாட்களில், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, கிளட்சைத் தளர்த்தி, கையால் பத்துச் சுற்று சுற்றி வையுங்கள்.